அக்காவுக்கு அனுப்பிய தவிடு

இங்கிலாந்துக்கு வந்த புதிதில், இந்த ஊர்க்காரர்கள் வயிற்றைப் பற்றிப் பேசும் விதம் எனக்குக் கூச்சமாக இருந்தது. பேருந்துப் பணிமனை அலுவலகத்தில் பக்கத்து மேசைக்காரர் மார்ட்டின், ஒருநாள் காலை தேநீர்க் கோப்பையோடு வந்து, "ஆர் யூ ரெகுலர்?" என்று கேட்டார். நான் நிமிர்ந்து உட்கார்ந்து, இந்த வருடம் ஒருநாள்கூட லீவு போடவில்லை என்றேன். அறையே சிரித்தது. காலைக்கடன் ஒழுங்காக முடிகிறதா என்றுதான் அவர் கேட்டிருக்கிறார். பிறகு தான் தினமும் சாப்பிடும் கோதுமைத் தவிட்டுப் பெட்டியைக் காட்டி, நார்ச்சத்து இருந்தால் குடல் புற்றுநோய் கிட்டே வராது என்றார். திண்டுக்கல்லில் மாட்டுக்குக் கரைத்து வைக்கும் தவிடு, இங்கே படம் போட்ட அட்டைப் பெட்டியில் விற்றது. அன்று மாலையே நானும் ஒன்று வாங்கினேன்.

சில வருடங்கள் கழித்து, 2003இல், என் அக்கா லூர்துவுக்குப் பெருங்குடலில் புற்றுநோய் என்று தெரிந்தது. அக்கா வடமதுரையில் பள்ளி ஆசிரியை. அத்தான் இறந்தபிறகு திண்டுக்கல் நாகல் நகர் வீட்டில் தனியாக இருந்தாள். பிள்ளைகள் இல்லை. மதுரையில் அறுவை சிகிச்சை நடந்தது, கீமோதெரபி தொடங்கியது. நான் போகவில்லை. லீவு கிடைக்காது என்று சொன்னேன். நான் கேட்கவே இல்லை என்பதுதான் உண்மை. அந்தக் குற்றவுணர்ச்சியை மறைக்கத்தான் அத்தனை புத்திமதி சொன்னேன் என்று இப்போது தோன்றுகிறது. "பிரியாணியும் வெள்ளச் சோறுமாத் தின்னுதான் இது வந்துச்சு" என்று போனில் அவளிடமே சொன்னேன். அவள் அளவாகச் சாப்பிடுகிறவள். அந்த வீட்டுக்குப் பிரியாணிப் பொட்டலம் வந்ததெல்லாம் நான் ஊருக்குப் போன நாட்களில், நான் கேட்டுத்தான்.

திருச்சிக்குப் போன நண்பர் ஒருவரிடம் ஆறு பெட்டித் தவிடு கொடுத்தனுப்பினேன். சோற்றை நிறுத்து, மூன்று வேளையும் இதைக் கரைத்துக் குடி என்று உத்தரவு. டாக்டரைக் கேட்கட்டுமா என்றாள். "அவங்களுக்கு இதெல்லாம் தெரியாதுக்கா. இங்க சின்னப் பிள்ளைக்குக்கூடத் தெரியும்" என்றேன். இரண்டாவது சுற்று ஊசி முடிந்த வாரம், வயிறு எப்படி இருக்கிறது என்று கேட்டேன்.

"நல்லாப் போகுதுடா அப்பு. அம்புட்டும் போகுது" என்றாள், சன்னமாகச் சிரித்தபடி.

"அதான் வேணும். விடாமக் குடி" என்றேன்.

ஐந்தாம் நாள் பக்கத்து வீட்டுச் செல்வி கூப்பிட்டாள். வயிற்றுப்போக்கில் அக்கா குளியலறையில் விழுந்துவிட்டாள், நாக்கு வறண்டு பேச்சே வரவில்லை, மதுரை ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறோம் என்றாள். அப்போதுதான் லீவு கேட்டேன். உடனே கிடைத்தது.

நான் போனபோது அக்காவின் கையில் குளுக்கோஸ் ஏறிக்கொண்டிருந்தது. என்னைப் பார்த்ததும் மெலிந்த முகம் மலர்ந்தது. "என் தம்பி, லண்டன்ல இருக்கான்" என்று பக்கத்துக் கட்டில்காரம்மாவிடம் சொன்னாள். நான் இருப்பது லண்டன் அல்ல. திருத்த வாய் வரவில்லை. டாக்டரம்மா வந்து, "வேற எதுவும் சாப்பிட்டீங்களான்னு மூணு நாளாக் கேக்குறேன், ஒண்ணுமில்லைங்கிறாங்க" என்றார். அக்கா கூரையைப் பார்த்தாள். என்னைக் காட்டிக்கொடுக்காமல் இருக்கத்தான் அந்தப் பொய் என்று எனக்குப் புரிந்தது. தவிட்டைப் பற்றி நான் சொன்னேன். டாக்டரம்மா கோபப்படவில்லை, கோபப்பட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"நார்ச்சத்து நல்லதுதாங்க. ஆனா இந்த மருந்து ஏறுறப்ப குடல் உள்ளாற புண்ணா இருக்கும். வயித்தால போறப்ப தவிடு போய் இன்னும் சுரண்டும். இப்ப குழைஞ்ச சோறு, மோர், வாழைப்பழம், நிறையத் தண்ணி. காய்கறியெல்லாம் பின்னாடி, நாங்க சொல்றப்ப, கொஞ்சம் கொஞ்சமா" என்றார்.

அவர் போனதும் அக்கா என் பக்கம் திரும்பினாள். "ஏன்டா சொன்ன? என் தம்பி எல்லாம் தெரிஞ்சவன்னு இங்க அம்புட்டுப் பேருட்டயும் சொல்லி வச்சிருந்தேன்." அவள் கண் கலங்கியது. விழுந்ததற்கு, வலிக்கு, தலைமுடி கொட்டியதற்கு அழாதவள் என்று உடனிருந்த செல்வி சொன்னாள்.

அக்கா தேறினாள். சில வாரம் தள்ளிப்போன ஊசிகள் மறுபடி தொடங்கி முடிந்தன. டாக்டர் சொன்ன வரிசைப்படி வெந்த கேரட்டும் கீரையும் ஒவ்வொன்றாக அவள் தட்டுக்குத் திரும்பின. அதில் எனக்கு ஒரு பங்கும் இல்லை. அந்தப் பேச்சை அவள் பிறகு எடுத்ததில்லை. நானாக மன்னிப்புக் கேட்கவும் இல்லை. இதை எழுதும்போதும் கை கூசுகிறது.

நான் ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்த அன்றைக்குச் சாயங்காலம் நர்ஸ் ஒரு படிவத்தோடு வந்தார். நோயாளியுடன் இருப்பவர் யார் என்று கேட்டார். நான்தான், தம்பி என்றேன். உள்ளூர் விலாசமும் போன் நம்பரும் வேண்டும் என்றார். என்னிடம் இருந்த இங்கிலாந்து நம்பரைச் சொன்னேன். அவ்வளவு நீள நம்பருக்கு அந்தக் கட்டத்தில் இடமில்லை.

"ராத்திரி கூப்பிட்டா வர்றவங்க வேணும் சார்."

"என் நம்பரப் போட்டுக்கங்க" என்றாள் செல்வி. நர்ஸ் எழுதிக்கொண்டு என்னைப் பார்த்தார். "அப்ப நீங்க பாக்க வந்தவரா?"

அக்கா கண்ணை மூடியிருந்தாள், தூங்கவில்லை. ஆமாம் என்று தலையாட்டினேன். சற்று நேரத்தில் மணி அடித்தது. பார்க்க வந்தவர்கள் எல்லாம் வெளியே போங்கள் என்று வாசலில் ஒருவர் குரல் கொடுத்தார். செல்வி கட்டிலுக்கடியில் பாயை இழுத்துப் போட்டாள். நான் எழுந்து, மற்றவர்களோடு வரிசையில் நின்று வெளியேறினேன்.