வலது ஓரத்துக் கடைசி பெஞ்சு

நான் ஐந்தாம் வகுப்புக்குப் போன வருஷம் எங்கள் விக்கிரவாண்டிப் பள்ளியில் புதுக் கட்டடம் திறந்தார்கள். ஆளுயர ஜன்னல்கள், வழவழவென்று பச்சை போர்டு. வளர்ந்த பிள்ளை என்பதால் எனக்கு வலது ஓரத்துக் கடைசி பெஞ்சு கிடைத்தது. அதுவரை நன்றாகவே படித்தவள், அந்த வருஷம் கணக்கில் அடியோடு விழுந்தேன்.

போர்டில் இருப்பதைத் தப்பும் தவறுமாக எழுதுகிறேன் என்று டீச்சர் சொல்லி அனுப்ப, அம்மா என்னைத் திண்டிவனத்தில் கண் டாக்டரிடம் காட்டினாள். கண்ணில் ஒரு குறையும் இல்லை என்றார் அவர். கண்ணாடி போடாமல் தப்பித்தோம் என்று நான் குதித்துக்கொண்டு வந்தேன். அம்மா வழி முழுக்க டாக்டர் சீட்டையே திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டு வந்தாள்.

அடுத்த வாரம் ஒரு காலையில் டீச்சர் அம்மாவை வரச்சொன்னார். மற்ற பிள்ளைகள் காதில் விழக்கூடாதென்று என் இடத்தில் அவளை உட்காரவைத்து, பக்கத்தில் தானும் உட்கார்ந்தார்; நான் பெஞ்சோரம் நின்றேன். மெதுவாகப் படிக்கும் பிள்ளைகளுக்கு விழுப்புரத்தில் ஸ்பெஷல் ஸ்கூல் இருக்கிறது, யோசித்துப் பாருங்கள் என்றார். அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"போர்டுல இருக்கிற அந்தச் சின்னக் கணக்கைக்கூட..." என்று நிமிர்ந்த டீச்சர் பாதியில் நிறுத்தினார். தலையை இப்படியும் அப்படியும் சாய்த்துப் பார்த்தார்.

"உங்களுக்கு எதுனா தெரியுதாங்க?"

"இல்லீங்க டீச்சர். வெறும் வெளிச்சமா கண்ணு கூசுது," என்றாள் அம்மா.

ஜன்னல் வெயில் போர்டில் பட்டு, சரியாக எங்கள் பெஞ்சு இருந்த மூலையின் மேல் தெறித்துக்கொண்டிருந்தது.

டீச்சர் என் பக்கம் திரும்பினார். "ஏம்மா இத்தினி நாளா சொல்லல?"

"எல்லாருக்கும் அப்படித்தான் தெரியும்னு நெனச்சேன் டீச்சர்."

அந்த வெளிச்சத்துக்குள் எழுத்தைக் கண்டுபிடிப்பதற்குப் பெயர்தான் கெட்டிக்காரத்தனம் என்று நான் நம்பியிருந்தேன்.

பின்சுவரில், வெயில் எட்டாத இடத்தில், இன்னொரு கரும்பலகை சும்மா கிடந்தது. "எல்லாரும் பெஞ்சைத் திருப்புங்க, ஜல்தி!" என்றார் டீச்சர். வகுப்பே ரகளையானது. அம்மாவும் முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு பெஞ்சு தூக்கினாள். எங்கள் கடைசி பெஞ்சு ஒரே திருப்பில் முதல் பெஞ்சானது. கரும்பலகையில் எழுதிய கணக்கை உரக்கப் படித்தேன். போட்டும் காட்டினேன். டீச்சர் அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு, நான் சொன்னதை மறந்துடுங்க என்றார்.

அன்று மத்தியானமே என்னை அம்மாவோடு வீட்டுக்கு அனுப்பினார்கள். பஸ் டோல்கேட்டைத் தாண்டுவதற்குள் அம்மா என் தோளில் சாய்ந்து, வாய் திறந்தபடி தூங்கிப்போனாள். அந்த வாரம் முழுக்க அவள் அப்படி அசந்து தூங்கி நான் பார்க்கவில்லை. பெஞ்சு தூக்கின அலுப்பு, பாவம் என்று நினைத்து, எங்கள் ஸ்டாப்பிங் வரும்வரை தோளை அசைக்காமல் உட்கார்ந்திருந்தேன்.