ட்ரெட்மில் போதும் என்றார்கள்

பத்து வருடங்களுக்கு முன் என் மகள் ஜிம்மில் எடை தூக்க ஆசைப்பட்டாள். "எதுக்குடி இதெல்லாம்? கை ஆம்பளை மாதிரி ஆயிடும், அப்புறம் யாரு கட்டிக்குவாங்க?" என்று தடுத்தவள் நான்தான். அப்போதெல்லாம் மைசூரில் எங்களைப் போன்ற வீட்டுப் பெண்களுக்கு ஜிம் என்றால் ட்ரெட்மில்லில் நடப்பது மட்டும்தான்.

சென்ற ஆண்டு, என் ஐம்பத்தாறாவது வயதில், "எலும்பு தேயுது, எடை தூக்கிப் பழகுங்க" என்றார் டாக்டர். விஜயநகரில் வீட்டருகே உள்ள ஜிம்மில் சேர்ந்தேன். அங்கே இளம்பெண்கள் சர்வசாதாரணமாக எடை தூக்கிக்கொண்டிருந்தார்கள். நான் எடை மாட்டும் கம்பியை நெருங்கியதும் பயிற்சியாளர் ஓடிவந்தார்.

"பேடா ஆன்ட்டி, வேண்டாம். உங்களுக்கு ட்ரெட்மில்லே போதும்."

மகளிடம் நான் பேசிய அதே தோரணை. எனக்கு முகம் சுட்டது.

"சொல்லிக் குடுங்க. இல்லேன்னா நானே தூக்குவேன்."

அவர் தயங்கித் தயங்கிக் கற்றுக்கொடுத்தார். வெறும் கம்பியே இருபது கிலோ. முதல் முறை அது முழங்கால் உயரத்தோடு நின்றுவிட்டது. மூன்றாம் முறை கம்பியோடு நிமிர்ந்து நின்றேன்.

அன்றே மகளுக்கு போன் செய்து, "உன்னைத் தடுத்தது என் தப்பு" என்றேன்.

"இப்ப சொல்லி என்னம்மா?" என்றாள்.

இப்போது வாரம் மூன்று நாள் தூக்குகிறேன். "இந்த வயசுல எதுக்கு?" என்று கேட்கும் உறவினர்களிடம், "எனக்குப் பிடிச்சிருக்கு" என்கிறேன். அதற்குமேல் காரணம் எதுவும் சொல்வதில்லை. மகளிடம் அன்று நான் காரணமே கேட்டிருக்கக் கூடாது.