மீன் சமைக்காத போர்டிங் ஹவுஸ்

சத்தார் பாய் இறந்துவிட்டார் என்று அவருடைய சமையற்காரர் லூர்து போனில் சொன்னபோது எனக்கு முதலில் கோபம்தான் வந்தது. பஸ் ஏறிய பிறகுதான் அழுகை வந்தது.

ஆம்பூரில் தோல் பதனிடும் ஷாப்பில் அவரோடு வேலை பார்த்த நம் எல்லோருக்கும் அந்தக் கோபம் புரியும். மனைவி போன பிறகு வீட்டோடு இருங்கள் என்றோம். மனிதர் கேட்கவில்லை. கடலோரச் சிற்றூர் ஒன்றில் வெள்ளைக்காரன் காலத்துப் போர்டிங் ஹவுஸைக் குத்தகைக்கு எடுத்தார். ஒரு சுவருக்குச் சுண்ணாம்பு அடிப்பதற்குள் அடுத்த சுவர் உதிரும்.

கடலுக்கு எதிரே உட்கார்ந்துகொண்டு மீன் மட்டும் சமைக்க விடமாட்டார். வஞ்சிரம் கேட்டு வருகிறவர்களுக்கும் ஆம்பூர் பிரியாணியும் கத்திரிக்காயும்தான்.

“மீன் நாத்தம் செவுத்துல ஏறிடும்பா.”

“காலமெல்லாம் பச்சைத் தோல் பக்கத்துல ஒக்காந்து சோறு தின்ன ஆளு நீங்க, பாய்.”

“அது வேற. அது நம்ம நாத்தம்.”

இந்த மனிதரிடம் என்ன பேசுவது? பாதிப் பேர் மறுநாளே அறையைக் காலி செய்தார்கள். மீனவர் வீட்டுப் பிள்ளையான லூர்து தலையில் அடித்துக்கொள்வார்.

போன வருடம் படி ஏறினாலே பாய்க்கு மூச்சு வாங்கியது. வேலூருக்கு வந்து டாக்டரிடம் காட்டுங்கள் என்று கெஞ்சினேன், திட்டினேன். “சீசன் முடியட்டும், வர்றேன்” என்பார். அங்கே சீசன் என்றைக்குத் தொடங்கியது? கடைசியில் நானே காரோடு போய் நின்றேன். கடல் பார்த்த அறையைக் கொடுத்தார், வயிறு முட்டச் சாப்பிட வைத்தார். காலையில் கிளம்பச் சொன்னால், சாவிக்கொத்தோடு வாசலில் நின்றார்.

“நான் இந்தக் கதவ சாத்துனா அப்புறம் யாரும் தெறக்க மாட்டாங்க. நீ போ தோஸ்த், பேஜார் பண்ணாத.”

காரைக் காலியாகத் திருப்பிக்கொண்டு வந்தேன். வழியெல்லாம் அவரைத் திட்டிக்கொண்டே வந்தேன்.

அடக்கம் முடிந்து திரும்பியபோது பக்கத்து வீட்டுப் பெண்கள் எங்களுக்காகச் சோறும் மீன் குழம்பும் கொண்டுவந்தார்கள். லூர்து வாசலை மறித்துக்கொண்டார்.

“உள்ள வேணாம்மா. செவுத்துல ஏறிடும்.”

வெளியே மணலில் உட்கார்ந்து சாப்பிட்டோம். எழுந்து கிளம்பும்போது அந்தக் கதவைச் சாத்த யாருக்கும் கை வரவில்லை.

அவரிடமிருந்து எனக்கு மிஞ்சியது அவர்மேல் உள்ள இந்தக் கோபம்தான். அதை விடுவதாக இல்லை. அன்று என்னோடு காரில் ஏறியிருக்கலாம், பாய்.