அன்வரின் கருத்துக்கு நான் வாங்கிய கோப்பை

"அன்வர் போயிட்டான்" என்று வகுப்புக் குழுவில் செய்தி வந்தபோது நான் மொட்டை மாடியில் காய்ந்த துணி எடுத்துக்கொண்டிருந்தேன். "எங்கே, ஊட்டிக்கா? என்னை விட்டுட்டா?" என்று தட்டி, சிரிக்கும் பொம்மைகளையும் வரிசையாகப் போட்டு அனுப்பிவிட்டேன். டெங்கு என்று ஆஸ்பத்திரியில் கிடந்தவன் இப்படிப் போவான் என்று எனக்குத் தோன்றவே இல்லை. இரண்டு நாளுக்கு முன்புதான் நேரில் போய், "பரீட்சைக்கு டிமிக்கி குடுக்க இதுவா வழி?" என்று கலாய்த்துவிட்டு வந்திருந்தேன். குழுவில் போட்ட அந்தப் பதிலை நான் இன்னும் அழிக்கவில்லை. உங்களில் பலர் பார்த்தீர்கள். பார்த்தது பார்த்ததாகவே இருக்கட்டும்.

என்னிடம் ஏமாறாதவர் நம் வகுப்பில் ஒருவரும் இல்லை, அன்வரைத் தவிர. ஒருமுறை அவன் சாப்பாட்டு டப்பாவில் பிளாஸ்டிக் பல்லி ஒன்றை வைத்தேன். சத்தமே வரவில்லை. மதியம் முடிந்ததும் அதைச் சோப்புப் போட்டுக் கழுவி என் மேசைமேல் வைத்தான். "நல்லா வெந்திருந்துச்சுங்க அம்மணி. உப்புதான் பத்தல." அன்றைக்கே அவனோடு கூட்டு வைத்துக்கொள்வது என்று முடிவு செய்தேன்.

ப்ளஸ் ஒன் சேர்ந்ததும் பேச்சுப் போட்டிகளுக்கு நாங்கள் இருவரும் ஜோடியானோம். ஒருவர் தலைப்பை ஒட்டிப் பேச வேண்டும், இன்னொருவர் வெட்டிப் பேச வேண்டும். நான் வெட்டி. பள்ளியில் அதற்கு முன்பும் என்னை அப்படித்தான் சொல்வார்கள். அந்த ஆண்டு எங்கே போனாலும் இதே தலைப்பைத்தான் கொஞ்சம் மாற்றி மாற்றி வைத்தார்கள்: தீவிரவாதத்தை ஒழிக்கத் தேவை கடுமையான சட்டமே. யார் எந்தப் பக்கம் என்று எங்கள் தமிழ் ஐயா யோசிக்கவே இல்லை.

"அன்வரு, சட்டத்தை நீ பேசு. உன் வாயில வந்தா எடுபடும்ப்பா."

எடுபட்டது. அவன் மேடையேறிப் பெயர் சொன்னதுமே அரங்கம் நிமிர்ந்து உட்காரும். முதல் வரியிலேயே அவன் குண்டு வைத்தவனைக் கண்டிக்க, நிம்மதிப் பெருமூச்சு போலக் கைதட்டல் எழும். நடுவர்கள் தவறாமல், "இந்தத் தம்பியைப் போல எல்லோரும் நினைத்துவிட்டால் நாட்டில் பிரச்சினையே இல்லை" என்பார்கள். "எல்லோரும்னா யாருங்க?" என்று அன்வர் என் காதில் கேட்பான். நான் சிரிப்பை அடக்க முடியாமல் குனிந்து செருப்பு வாரைச் சரிசெய்வேன். அது சிரிக்கிற விஷயமா என்று எனக்கு அப்போது தோன்றியதில்லை.

என் பக்கத்துக்குத்தான் சரக்கு இல்லை. சட்டம் மட்டும் போதாது என்று பேச வேண்டும். ஏன் போதாது என்று எனக்கு என்ன தெரியும்? திருப்பூர் போகும் பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்துகொண்டு அன்வர்தான் சொன்னான். நாங்கள் பிறப்பதற்கு முன் நம் ஊரில் குண்டுகள் வெடித்தபோது, அவனுடைய பெரியப்பா ஜவுளிக் கடையில் வேலையாக இருந்தார். ஒரு காது அன்றோடு போனது. ஆஸ்பத்திரியில் கட்டுப் போட்டுக் கிடந்தவரின் பெயரைக் கேட்ட போலீஸ்காரர், காயத்தைப் பற்றிக் கேட்பதை நிறுத்திவிட்டு மற்றதையெல்லாம் கேட்டார். இன்றைக்கும் நாட்டில் எங்கே என்ன வெடித்தாலும், கருமத்தம்பட்டியில் அவர்கள் வீட்டுக்குப் போலீஸ்காரர் ஒருவர் வருவார். "ஏனுங்க, சும்மா பாத்துட்டுப் போலாம்னு வந்தேனுங்க." டீ குடிப்பார். யார் வந்தார்கள், யார் போனார்கள் என்று கேட்பார். எங்கள் ஊரில் சந்தேகத்துக்குக்கூட ஒரு 'ங்க' போட்டுவிடுவார்கள்.

"அப்போ நீ மேடையில பேசறது நடிப்பா?" என்று கேட்டேன்.

"இல்லீங்க அம்மணி. குண்டு வெச்சவன விடவே கூடாது. பெரியப்பாவோட காது போனது நெசம். ஆனா போன தடவ வீட்டுக்கு வந்த போலீஸ்காரர் போனதும் என் தம்பி, எங்க சின்னவன் கேட்டான், நாம என்ன பண்ணுனோம்னு. அந்தக் கேள்விக்கு வீட்டுல பதில் இல்லைன்னா, வெளிய எவனாவது ஒரு பதிலோட காத்துட்டிருப்பான். அங்கதான் அடுத்த குண்டு ஆரம்பிக்குது. எனக்கு ரெண்டையும் பேசணும். ஒண்ணத்தான் குடுக்கறாங்க."

அந்த இன்னொன்றை அவன் என்னிடம் கொடுத்தான். சின்னவனின் கேள்வியை நான் மேடையில் அப்படியே சொன்னேன். பெண்கள் கண்ணைத் துடைத்தார்கள். முதல் பரிசு, வெள்ளிப் பூச்சுக் கோப்பை. அடுத்த ஊரிலும் முதல் பரிசு. அவனுக்கு எப்போதும் ஆறுதல் பரிசுதான். நான் கோப்பையை அவன் பக்கம் நீட்டியபோது வாங்க மாட்டேன் என்றான்.

"உன் வாயில வந்தா அது கருத்து. என் வாயில வந்தா அது வாக்குமூலம்."

நல்ல வசனம் என்று கைதட்டினேன். அதையும் அடுத்த மேடையில் பயன்படுத்தலாமா என்று யோசித்தேன்.

காங்கேயத்தில் நடந்த போட்டிக்குத் தமிழ் ஐயா வரவில்லை. பஸ்ஸில் அன்வர் கேட்டான்: "இந்த ஒருக்கா மாத்திக்கலாமா?" மாற்றிக்கொண்டோம். சட்டத்தை நான் பேசினேன், சுமாராக. அடுத்து அன்வர் எழுந்தான். நான் கோப்பை வாங்கிய அதே பேச்சு, வரிக்கு வரி அதே. நான் நிறுத்தும் இடத்தில் நிறுத்தினான். எனக்குக் கைதட்டல் விழும் இடத்தில் காத்திருந்தான். மின்விசிறிச் சத்தம் மட்டும் கேட்டது. தன் வீட்டைப் பற்றி அவன் பேசுகிறான் என்பதே அங்கே யாருக்கும் தெரியாது. இருந்தும் நடுவர் கையைக் காட்டி நிறுத்தினார்.

"தம்பி, இது உன் சொந்தக் கருத்தா?"

அன்வர் பணிவாகத்தான் சொன்னான். "ஐயா, இது போன மாசம் மொதப் பரிசு வாங்குன கருத்துங்க."

அரங்கத்தில் நான் ஒருத்திதான் சிரித்தேன். என் வாழ்நாளில் நான் கேட்ட மிகச் சிறந்த குறும்பு அது. அதற்கு விலை என்னவென்று மறுநாள்தான் தெரிந்தது. போட்டி நடத்தியவர்கள் பள்ளிக்குப் போன் செய்துவிட்டார்கள். தலைமையாசிரியை அன்வரின் அப்பாவை வரச்சொல்லியிருந்தார். தறி ஓட்டிக்கொண்டிருந்தவர் அப்படியே கிளம்பி வந்திருந்தார். தலைமுடியில் பஞ்சு ஒட்டியிருந்தது. நாற்காலி போட்டும் உட்காரவில்லை. "தெரியாமப் பேசிப்போட்டானுங்க. இனிமேப் பேச மாட்டானுங்க." அன்வர் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றான். நான் யாரையும் கேட்காமல் தலைமையாசிரியை அறைக்குள் நுழைந்தேன்.

"மேடம், இதையேதான் நானும் பேசினேன். அதுக்குத்தான் அந்தக் கோப்பையே குடுத்தாங்க."

தலைமையாசிரியை என்மேல் கோபப்படக்கூட இல்லை. என் தோளைத் தட்டினார். "அது வேற, கண்ணு. நீ கிளாஸுக்குப் போ."

அந்தத் தட்டலை என்ன செய்வது என்று எனக்கு இன்றுவரை தெரியவில்லை. திட்டியிருந்தால் சமமாகியிருப்போம்.

அதற்குப் பிறகு அன்வர் மேடை ஏறவில்லை. கேட்டால், "வாய்க்கு லீவு விட்டாச்சுங்க அம்மணி" என்பான். அவன் போனபிறகு பள்ளி வாசலில் வைத்த பேனரை எல்லோரும் பார்த்திருப்பீர்கள்: 'தீவிரவாதத்துக்கு எதிராக முழங்கிய குரல்.' பொய் இல்லை. அவனுக்குக் கொடுக்கப்பட்ட பாதி அது. இரங்கல் கூட்டத்தில் அந்தப் பாதியைப் பற்றி மட்டும் பேசச் சொன்னார்கள். எனக்குத் தொண்டை கட்டியிருக்கிறது என்று சொல்லி எழுந்து வந்துவிட்டேன். எதற்கும் வாயடைக்காதவள் நான், யாரும் நம்பவில்லை.

போன வாரம் கோப்பையைப் பையில் போட்டுக்கொண்டு கருமத்தம்பட்டிக்குப் போனேன். பெரியப்பா நல்ல காதை என் பக்கம் திருப்பி உட்கார்ந்திருந்தார். "இது அன்வரோடதுங்க" என்று அவன் அப்பாவிடம் நீட்டினேன். அவர் வாங்கினார். அதிலிருந்த தலைப்பை விரலால் தடவிப் படித்தார். பிறகு என் கையிலேயே திருப்பிக் கொடுத்தார்.

"நீயே வெச்சுக்க பாப்பா. இங்கே இருந்தா, வர்றவங்க எடுத்துப் பார்ப்பாங்க. என்ன பேசி வாங்குனான்னு கேப்பாங்க. நாங்க சொல்லணும்."

கோப்பை இப்போது எங்கள் வீட்டு டிவிக்குப் பக்கத்தில் இருக்கிறது. வந்துபோகிறவர்கள் எல்லோரும் எடுத்துப் பார்க்கிறார்கள். "அட, மொதப் பரிசா!" என்கிறார்கள். என்ன பேசி வாங்கினாய் என்று இதுவரை ஒருவரும் கேட்டதில்லை. அதனால் நானே சொல்லத் தொடங்கியிருக்கிறேன். பெரியப்பாவின் காதையும் சின்னவனின் கேள்வியையும் சொல்லிவிட்டு, கடைசியில், இது என் கருத்து இல்லைங்க, அன்வருடையது என்கிறேன்.

அந்தப் பெயரைக் கேட்டதும் அவர்கள் கோப்பையைக் கீழே வைக்கிறார்கள்.