பொருந்தாத நகல்

கோயமுத்தூரிலிருந்து வேலைக்காகப் புனே வந்த புதிதில், அதிவேக நெட்வொர்க் கார்டுகளுக்கு டிரைவர் எழுதும் வேலை எனக்கு. கார்டையும் கம்ப்யூட்டரையும் பேசவைக்கும் நிரல் அது. நான் எழுதியதைச் சோதிப்பவள் புனேயின் கசார்வாடிப் பகுதிக்காரி. அங்கேயே பிறந்து வளர்ந்த தமிழ்ப்பெண். இந்தி கலந்த அவள் தமிழைக் கேட்டு நாங்கள் நாலைந்து பேர் கேன்டீனில் சிரிப்போம். அவளும் சேர்ந்து சிரிப்பாள்.

ஒருநாள் காலை என் மேஜைக்கு வந்தாள்.

"பெரிய ஃபைல் ரெண்டு ஒண்ணா அனுப்புனா, அந்தப் பக்கம் போய்ச் சேர்ற காப்பில எழுத்து மாறிடுது. தீன் பார் பார்த்தேன். மூணு வாட்டியும் அதேதான்."

"எர்ரர் வந்துதா?"

"அதான் பயமா இருக்கு. எதுவுமே வரல."

அவள் போனதும் என் மெஷினில் ஓட்டிப் பார்த்தேன். எனக்கும் நகல் மூலத்தோடு பொருந்தவில்லை. அந்தச் சோதனைப் பதிவை அழித்தேன். கார்டு வாடிக்கையாளருக்குப் போக இரண்டே நாள் இருந்தது.

மதியம் மேனேஜர் அவள் சொன்ன கோளாறைப் பற்றி எல்லோர் முன்னாலும் கேட்டார். "என்கிட்ட சரியாத்தான் ஓடுது. இவங்களுக்குச் சோதிக்கத் தெரியல" என்றேன். யாரோ சிரித்தார்கள். இந்த முறை அவள் சிரிக்கவில்லை. அந்த வாரமே அவளை வேலையை விட்டு அனுப்பிவிட்டார்கள்.

மூன்று மாதத்தில் வாடிக்கையாளரிடமிருந்து அதே புகார் வந்தது. அவள் எழுதி வைத்திருந்த அறிக்கையைத் திறந்தேன். எந்த அளவில், எந்த வரிசையில் அனுப்பினால் கெடுகிறது என்று வரிவரியாக இருந்தது. அதை வைத்து ஒரே பிற்பகலில் பிழையைத் திருத்தினேன். எனக்குக் கை தட்டினார்கள்.

பிறகொரு நாள் அனுபவச் சான்றிதழ் வாங்க வந்தவள் வரவேற்பறையில் என்னைப் பார்த்து எழுந்து நின்றாள்.

"அந்தக் கோளாறு கிடைச்சுதா?"

"கிடைச்சுது. டிரைவர்லதான்."

"அப்ப ஆபீஸ்ல சொன்னீங்களா, நான் சொன்னது சரின்னு? வேற கம்பெனில எல்லாம் ஏன் வேலையை விட்டு எடுத்தாங்கன்னு கேக்குறாங்க."

"சொல்றேன்" என்றேன். ஒரு மீட்டிங் இருப்பதாகச் சொல்லி மாடி ஏறினேன். மீட்டிங் எதுவும் இல்லை. யாரிடமும் நான் சொல்லவும் இல்லை. ஜன்னல் வழியே பார்த்தபோது அவள் இன்னும் கேட் அருகில்தான் நின்றிருந்தாள். கையில் காகிதம் எதுவும் இல்லை. அந்த வருடம் எனக்குப் பதவி உயர்வு கிடைத்தது.