அழுகிற கதாநாயகிகளைத் திட்டியவள்

மராட்டி பேசும் ஆகுர்டியில் பிழைக்க வந்த தமிழ்க் குடும்பங்களுக்குத் தமிழரசியைத் தெரியும் என்றால் அது அவள் வாயால்தான். வாகனத் தொழிற்சாலையில் வேலை பார்க்கும் வசந்தகுமாரின் மனைவி. மத்தியானச் சமையல் முடிந்ததும் செல்போனைச் சர்க்கரை டப்பாவில் சாய்த்து வைத்து, அதைப் பார்த்துப் பேசிப் படம்பிடித்து, முந்தின நாள் பார்த்த தமிழ்த் தொடரை யூடியூபில் பிரித்து மேய்வாள். வில்லிகள் மேல் அவளுக்குக் கோபமே கிடையாது. "அந்த வீட்டுல யோசிக்கிறது அவ ஒருத்திதான்" என்பாள். கதாநாயகிகளைத்தான் விடமாட்டாள்.

"புருஷன் அறைஞ்சான். இவ முகத்தக் கழுவிட்டு அவனுக்கு டிபன் கட்டுறா. பின்னாடி வயலின் வேற! எழுதுறவனுக்கு இவள வெளிய அனுப்ப பயம். அனுப்பிட்டா நாளைக்கு எதைக் காட்டுறது?"

இதையெல்லாம் கேட்டுச் சிரித்தவர்களில் மூத்த மகள் ரோஹிணியும் ஒருத்தி. அவளை நகரத்தின் மறுகோடியில், கராடியில் ஐ.டி. வேலையிலிருந்த பத்ரிக்குக் கட்டிக்கொடுத்திருந்தார்கள்.

மழை பிடித்துக்கொண்ட ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் ரோஹிணி பையோடு வந்து நின்றாள். காதோரம் வீங்கிக் கன்றியிருந்தது.

"நீ பேசினதக் கேட்டுக் கேட்டுத்தாம்மா தைரியமா கிளம்பி வந்தேன்."

தமிழரசி ஐஸ்கட்டியைத் துணியில் சுற்றி ஒற்றினாள். வசந்தகுமார் பேப்பரை மடித்து வைத்தார். "சின்னவளப் பொண்ணு பாக்க வர்ற நேரம். பெரியவ வந்து உக்காந்திருக்கான்னு தெரிஞ்சா யார் வருவாங்க? பத்ரிய வரச் சொல்றேன்."

ரோஹிணி தாயைப் பார்த்தாள். என்ன சொல்ல வேண்டும் என்று தமிழரசிக்குத் தெரியாதா? கணவரின் முகத்தைப் பார்த்தாள். கடைசியில் வந்தது இதுதான்:

"கொஞ்ச நாள் பொறுத்துப் போம்மா. தங்கச்சி கல்யாணம் முடியட்டும்."

சாயங்காலம் பத்ரி வந்து மாமியார் காலைத் தொட்டுக் கும்பிட்டான். டீ குடித்தான். நனைந்தபடியே ரோஹிணியை பைக்கில் ஏற்றிக்கொண்டு போனான்.

அதன்பிறகு தமிழரசி தொடர்களில் வரும் புடவைகளைப் பற்றியும் நகைகளைப் பற்றியும் சில வாரம் பேசினாள். பிறகு அதுவும் நின்றது. "என்னக்கா, ஆளையே காணோம்?" என்று வீடியோவுக்குக் கீழே எழுதிக் கேட்டவர்களுக்குப் பதில் போடவில்லை.

தீபாவளி கழிந்து சின்னவள் கல்யாணம் பிம்ப்ரியில் நடந்தது. முழுக்கை ரவிக்கையில் வந்திருந்தாள் ரோஹிணி. முன்பைவிட இளைத்திருந்தாள். பந்தி நடக்கும்போது தமிழரசி அவளை ஓரமாக இழுத்தாள்.

"இப்ப வந்துடுடி. அப்பாகிட்ட நான் பேசுறேன்."

"எங்க வர?" என்று கேட்டாள் ரோஹிணி. கோபமாகக்கூடக் கேட்கவில்லை. பத்ரி கூப்பிடும் குரல் கேட்டதும் கையை விடுவித்துக்கொண்டு நடந்தாள்.