டீக்கடை போர்டில் அம்மா

எனக்கு டீ அவ்வளவாகப் பிடிக்காது. வால்பாறை தேயிலை எஸ்டேட்டில், தொழிலாளர் குடியிருக்கும் லயத்தில் பிறந்து வளர்ந்தவள் இப்படிச் சொன்னால் யார் நம்புவார்கள்? ஆனாலும் சிதம்பரத்துக்கு வேலைக்கு வந்த புதிதில், பேச ஓர் ஆள்கூட இல்லாத அந்த நாட்களில், பஸ் ஸ்டாண்டு பக்கத்து டீக்கடைக்குத் தினமும் போனேன். அங்கே ஒரு தேயிலைக் கம்பெனியின் விளம்பர போர்டு இருந்தது. அதில் கொழுந்துக் கூடையோடு சிரித்துக்கொண்டிருந்தவள் என் அம்மா. "காட்டையும் தொழிலாளர்களையும் காக்கும் தேயிலை" என்று பக்கத்தில் எழுதியிருந்தது.

"டீ ஆறிப் போவுது பாரும்மா. தெனம் அந்தப் படத்தையே பாக்குற, தெரிஞ்சவுங்களா?" என்றார் கடைக்காரர்.

"எங்கம்மா."

அவர் ஈரத்துணியை எடுத்து, அம்மா முகத்தில் படிந்திருந்த புகைக்கரியை மட்டும் துடைத்தார். அங்கேயே நின்று அம்மாவுக்கு போன் போட்டேன்.

போட்டோ எடுத்தது அவளுக்கு ஞாபகம் இருந்தது. அது ஊர் ஊராகப் போனது தெரியாது. நான் சொன்னதும் மெதுவாகக் கேட்டாள், "காலு தெரியுதா?"

"இல்லம்மா, இடுப்பு வரைக்கும்தான்."

"நல்லவேளை. அட்டை கடிச்சு ஒரே ரத்தம் அன்னைக்கு. பூட்ஸு தரோம்னாங்க, இன்னும் வரல."

இப்போதும் எந்தத் தேயிலைப் பாக்கெட்டை எடுத்தாலும், அதிலிருக்கும் படம் முடிகிற இடத்துக்குக் கீழேதான் என் கண் போகிறது. வெட்கப்பட வேண்டியது நீ இல்லம்மா என்று அன்றைக்கே சொல்லியிருக்கலாம். "ஆமாம்மா, நல்லவேளை" என்றுதான் சொன்னேன்.